கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டிய கல்யாணப் படம்

தப்பை மறைப்பதில் நான் கெட்டிக்காரன். முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய் ஜனங்களின் வாழ்க்கையைப் படமெடுத்தவன். அதில் எத்தனையோ சொதப்பல்களை "அது கலை" என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். ஆனால் முதன்முதலில் செய்த தப்பை மட்டும் மறைக்க முடியவில்லை. அதற்குச் சாட்சி என் வீட்டிலேயே இருக்கிறது.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிரெவே பரீட்சை பாஸ் செய்துவிட்டு, சர்க்கார் உத்தியோகத்துக்கென்று ஒரு கோட்டும் தைத்து வைத்திருந்தேன். கோட்டு தைத்து வந்த வேளை, சர்க்காரே மூட்டை கட்டிவிட்டது. கையில் பிரெஞ்சு பாஷை இருந்தது, பேசத்தான் ஆளில்லை. அப்போதுதான் மதாம் வந்து சேர்ந்தார்.

மதாம் பிரான்சிலிருந்து படமெடுக்க வந்தவர். சாவி கொடுத்து ஓட்டும் சின்ன கேமரா, ஒரு புரொஜெக்டர், வெயிலில் சிவந்துபோன மூக்கு, இவ்வளவுதான் அவர் சொத்து. அவருக்கு ஒரு கொள்கை உண்டு. படத்தில் வருகிறவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுவார். எது இருக்கலாம், எது கூடாது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் சரி சொல்லாமல் ஒரு துண்டும் வெளியே போகாது. "இவர்களைப் பற்றி அல்ல, இவர்களோடு சேர்ந்து எடுக்கிறேன்" என்பார். இதைத் தமிழில் சொல்லிச் சொல்லியே எனக்கு உதவியாளன் என்ற பட்டம் கிடைத்தது. (சம்பளம் பற்றிக் கேட்காதீர்கள், மதாமே ஒரு வேளைதான் சாப்பிட்டார்.)

எங்கள் தெருவில் மைமூன் மாமி வீட்டில் கல்யாணம். மாமியின் கணவர் சைகோனில் கடை வைத்திருந்தார். ஒன்பது வருஷமாக ஊர் திரும்பவில்லை. ஒரே மகள் ஜொஹராவின் கல்யாணத்துக்கும் அவரால் வர முடியவில்லை. "அவ வாப்பா கண்ணால ஒரு தடவ பாக்கணும், அதுக்குத்தான்" என்று மாமி மதாமை வீட்டுக்குள் கேமராவோடு விட்டார். பெண்கள் பகுதியில் மதாம் தாராளமாகப் படமெடுத்தார். நான் வாசலில் ஆண்களோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். அந்தக் கல்யாணத்தில் நான் குறையில்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

மதராசில் கழுவிப் படம் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வந்த நேரம், மதாமுக்குத் தங்கும் அனுமதிக் காகிதத்தில் ஏதோ சிக்கல், பாண்டிச்சேரிக்கு ஓடினார். போகும்போது, "பெண்களுக்குப் போட்டுக் காட்டு. வேண்டாம் என்கிற இடத்தில் காகிதத் துண்டு வை. வெட்டாதே" என்றார்.

போட்டுக் காட்டுவதில்தான் சங்கடம். படத்தில் இருப்பதெல்லாம் முக்காடு நழுவிய பெண்கள், அந்நிய ஆண் பார்க்கக் கூடாது. புரொஜெக்டர் ஓட்டத் தெரிந்த ஒரே ஆளோ அந்நிய ஆண். கடைசியில் கூடத்தின் நடுவே போர்வை கட்டி, அதில் லென்ஸ் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டார்கள். நான் போர்வைக்குப் பின்னால். அப்படியும் சைகோன்காரரின் அக்கா ஹலீமா மாமிக்குத் திருப்தியில்லை.

"ஓட்ட இருக்குல்ல? ஓட்ட வழியா பாத்துட்டா? தம்பி, கண்ணையும் கட்டிக்கிடுங்க."

கட்டிக்கொண்டேன். மெஷின் ஓடியது. போர்வைக்கு அந்தப் பக்கம் ஒரே அமர்க்களம்.

"அய்ய, நான் எலும்பக் கடிக்கிறேன்! இது ஆவாது, எடுத்துருங்க!"

படம் ஓடிப் போய்ச் சுற்றிக்கொள்ளும் சக்கரத்தில் நான் ஒரு காகிதத் துண்டைச் செருகினேன்.

"ஆங், ஜொஹரா வந்துட்டா. இனிமே இருக்கட்டும்."

இன்னொரு துண்டு. இப்படியே வேண்டும், வேண்டாம், வேண்டும், வேண்டாம் என்று போய், வேண்டாம் என்பதிலேயே படம் முடிந்தது. யாரோ ஒரு பாட்டி கொட்டாவி விட்டது கடைசிக் காட்சியாம்.

அன்றைக்கு என் தலையில் சனியன் ஏறி உட்கார்ந்தது. சும்மா துண்டு வைத்ததோடு விட்டால் மதாம் என்னை மொழிபெயர்ப்பாளன் என்றுதானே நினைப்பார்? கலைஞன் என்று காட்ட வேண்டாமா? வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கத்தரியோடு உட்கார்ந்தேன். பார்ப்பதில்லை என்று பெண்களுக்குக் கொடுத்த வாக்குப்படி படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஓரத்துத் துளைகளை மட்டும் பார்த்து வெட்டி வெட்டி ஒட்டினேன். தொடக்கத் துண்டு வேண்டும், அடுத்தது வேண்டாம். கணக்கு சுத்தம். வெட்டியதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு ஹலீமா மாமியிடம் கொடுத்தேன். அவர் அதை அப்படியே அடுப்பில் போட்டார்.

ஓடி முடிந்த படத்தின் வால் வெளியே இருக்கும், தலை உள்ளே இருக்கும். திருப்பிச் சுற்றிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். நான் சுற்றவில்லை. வாலைத் தலை என்று நினைத்து எண்ணிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரே ஒரு கட்டத்தைப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

மதாம் திரும்பி வந்ததும் பெருமையாக இரண்டாம் காட்சி போட்டேன். கண் கட்டுத்தான். மதாம் பெண்களோடு முன்னால் உட்கார்ந்தார். மெஷின் ஓடியதும் சிரிப்பு வெடித்தது. ஆஹா, ரசிக்கிறார்கள் என்று போர்வைக்குப் பின்னால் நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. அப்புறம் மைமூன் மாமியின் குரல்.

"தம்பி, எம் பொண்ணு எங்க?"

எலும்பு இருந்தது, கொட்டாவி இருந்தது, மணப்பெண் ஒரு இடத்திலும் இல்லை; வேண்டும் என்றதெல்லாம்தான் அடுப்புக்குப் போயிருந்தது. மாமி அழத் தொடங்கினார். "அவுக பாக்கணும்னுதானே தம்பி..." என்றார். அதற்கு மேல் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கண்ணைக் கட்டியிருந்த துண்டு நனைந்துபோனது. அதை அவிழ்க்கவும் எனக்கு உரிமையில்லை.

மதாம் போர்வைக்கு அருகே வந்து, நான் என்ன செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நான் சொல்வதை அவர்களிடம் சொல். இது என் படம், தப்பும் என்னுடையது. இனி என்ன செய்யலாம் என்று அவர்களே சொல்லட்டும்" என்றார். அதைத் தமிழில் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

கடைசியில் ஹலீமா மாமி, "இதுக்கா அழுவுறீங்க? பொண்ணும் இங்கதான் இருக்கா, பட்டும் பெட்டியிலதான் இருக்கு. இன்னொரு தடவ கல்யாணம் பண்ணுனாப் போச்சு" என்றார்.

எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு இருப்பார். அதனால் ஜொஹரா அங்கேயே இருந்தாள். அடுத்த வாரமே மருதாணி அரைத்து, பூ கட்டி, பட்டு உடுத்தி இரண்டாம் கல்யாணம் நடந்தது. இந்தத் தடவை எங்கே யார் நிற்பது, யார் பேசுவது என்று எல்லாவற்றையும் தீர்மானித்தது மைமூன் மாமி. மதாம் அவர் சொன்ன இடத்தில் கேமராவை வைத்தார். ஜொஹராவுக்கு அப்போதுதான் மசக்கை. கேமராவுக்குச் சாவி கொடுக்கும் நேரமெல்லாம், முந்தானைக்குள் வைத்திருந்த உப்பு எலுமிச்சங்காயை நக்கிக்கொண்டிருந்தாளாம். ஒரு தடவை அவள் அதை நக்கி முகம் சுளிப்பதையும், தாய் அதைப் பார்த்துச் சிரிப்பதையும், அவளும் சேர்ந்து சிரிப்பதையும் மதாம் பிடித்துவிட்டார். போட்டுக் காட்டும்போது, "இத எடுத்துரலாம்" என்று எல்லாரும் சொல்ல, மைமூன் மாமி மட்டும், "இல்ல, அது இருக்கட்டும்" என்றாராம். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. வெட்டும் வேலையை மதாமே செய்தார்.

வயிற்றுப் பிள்ளைச் சேதியை ஏழு மாதம் வரை கடிதத்தில் எழுதக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ஆகவே சைகோனுக்குப் படம்தான் போயிற்று, சேதி போகவில்லை. ஜொஹராவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது பதில் வந்தது. மாமி அதைத் தெருவெல்லாம் படித்துக் காட்டினார். "படம் கிடைத்தது. நாலு தடவை போட்டுப் பார்த்தேன். பிள்ளை எலுமிச்சங்காய் தின்கிறாள். ஆண் பிள்ளை என்றால் என் வாப்பா பேர் வையுங்கள். பெண் என்றால் நீயே வை. கப்பலுக்குச் சொல்லிவிட்டேன், பேறுகாலத்துக்கு வந்துவிடுவேன்."

வந்தும் விட்டார்.

இதெல்லாம் நான் பார்த்ததில்லை. இன்றுவரை என் முதல் படத்தை நான் பார்த்ததே கிடையாது. எல்லாம் அன்றைக்குப் போர்வைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சபியா சொன்னதுதான். எலும்பு கடித்தது அவள்தானாம். மூன்று வருஷம் கழித்து அவளைத்தான் எனக்குக் கட்டி வைத்தார்கள். இப்போதும் மீன் வாங்கி வந்து நான் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தால் போதும், தாத்தாவை 'அப்பா' என்கிற எங்கள் பேரப்பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்.

"எது தல, எது வாலுன்னு மொதல்ல பாத்துக்கிட்டு வெட்டச் சொல்லுங்கடா உங்க அப்பாவ!"