வைத்திலிங்கத்தின் மூணு நாள் சட்டம்

புதுச்சேரிக்கு விடுதலை எப்போதோ கிடைத்துவிட்டது. நெல்லித்தோப்பு வைத்திலிங்கத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில்தான் கிடைத்தது. அவர் சம்சாரம் தனத்துக்குச் சில மாசமாகத் தீட்டு வரவில்லை.

அவர் வீட்டில் சுத்தபத்தம் படு கறார். தீட்டு வந்து தூரமான மூணு நாளும் தனம் அடுப்பங்கரையை மிதிக்கக் கூடாது. மூலையில் தனிப் பாய், தனித் தட்டு. மனுஷன்தான் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சோறு வடிக்க வேண்டும். இனி அந்தத் தொல்லை இல்லை. சாவகாசமாகப் பேப்பர் படித்துவிட்டுத் தட்டாஞ்சாவடி பட்டறைக்கு வேலைக்குப் போகலாம்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. தனத்தின் கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் கன்னியம்மாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எல்லாம் பார்த்துவிட்டு வந்தாள்.

"பயப்பட ஒண்ணும் இல்லண்ணே. தீட்டு நிக்கிற வயசு. உப்பைக் குறைக்கணும். ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. காலைத் தலகாணி மேல தூக்கி வெச்சுப் படுக்கணும்."

"அப்ப சோறு யாரு ஆக்குறது?"

"நீங்கதான் நல்லா ஆக்குவீங்களாமே."

"அது தூரத்துக்கு. வீக்கத்துக்கெல்லாம் நான் அடுப்பாண்ட போவ மாட்டேன். தூரமானா ஒக்காரட்டும், ஆக்கிப் போடறேன். எங்க வீட்டுச் சட்டம் அது."

கன்னியம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. தனம் வலிக்கிற காலோடு போய் வெங்காயம் நறுக்கினாள். ஜெயித்த திருப்தியில் வைத்திலிங்கம் அன்றைக்கு ஒரு பிடி கூடவே சாப்பிட்டார்.

மறுநாள் காலை அடுப்பு பற்றவில்லை. மூலையில் தனிப் பாய். தலையணை மேல் இரண்டு கால்.

"இன்னா தனம்?"

"தூரங்க. கிட்ட வராதீங்க."

"நின்னுபோச்சுன்னியே?"

"அப்படித்தான் நெனச்சேன். இந்த வயசுல எப்ப வரும், எப்ப போவும்னு சொல்ல முடியாதாம். கன்னியம்மாவக் கேளுங்க."

கேட்டார். "மெய்தாண்ணே" என்றாள் அவள், சிரிக்காமல்.

மூணு நாள் போனது. நாலாம் நாளும் பாய் சுருளவில்லை. வைத்திலிங்கத்துக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் கிட்டப் போனாலே தீட்டு என்று சட்டம் போட்ட மனுஷன் எதைக் கிளறிப் பார்ப்பார்? உப்புக் குறைத்த ரசத்தை எட்ட நின்றே தட்டில் ஊற்றினார்.

"இது எப்பதான் தனம் நிக்கும்?"

தனம் பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். இன்னும் குழி விழுந்தது.

"வீக்கம் வடிஞ்சதும் நின்னுடுங்க."