பிரிண்டருக்குப் பிடித்த தோஷம்

1988-ஆம் வருஷத்துச் சாரலில் குற்றாலத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி, அருவிக்கு வந்ததல்ல. மிஷின் சித்தரைத் தரிசிக்க வந்தது. ஓடாத பம்ப்செட், பாடாத ரேடியோ, துபாயிலிருந்து கடையநல்லூருக்கு வந்து வாயடைத்துப்போன டேப் ரிக்கார்டர் என்று எதைக் கொண்டுபோனாலும் உள்ளே இருக்கும் பேயை ஓட்டிவிடுவாராம். மோட்டாருக்குள் பேய்க்கு என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் பிடித்த இடம் போய்விடுமே!

அப்பேர்ப்பட்ட மகான் ஒருநாள் தென்காசி நூல் மில் ஆபீசுக்கே எழுந்தருளினார்.

அங்கே நாலு கம்ப்யூட்டர், ஒரே பிரிண்டர். எந்த மேஜையிலிருந்து தட்டினாலும் மூலையிலிருந்த பெரிய கம்ப்யூட்டர் வழியாகத்தான் தாள் வரும். அதைத் தொடும் உரிமை கம்ப்யூட்டர் பொறுப்பாளன் சிவசைலம் ஒருவனுக்கே. நாலாவது மேஜையில் இலஞ்சிக்காரி வள்ளித்தாய். லாரிகளுக்குச் சரக்குச் சீட்டு அடிப்பது அவள் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் சீட்டு வரவில்லை. 'அனுமதி இல்லை' என்று திரை இங்கிலீஷில் சொன்னது. வாசலில் லாரிகள் ஹாரன் அடித்தன.

"மிஷின்ல கோளாறு இல்ல சார், தோஷம்" என்றான் சிவசைலம் மானேஜரிடம்.

சித்தர் வந்தார். பிரிண்டர் தலையில் எலுமிச்சம்பழம் வைத்தார். விசைப்பலகையில் விபூதி தூவினார். சிவசைலம் மூலையில் போய் ஏதோ தட்டினான். கிர்... கிர்... தாள் வந்தது! மானேஜர் வெங்கடேஸ்வரன் பி.எஸ்ஸி. கன்னத்தில் போட்டுக்கொண்டார். பட்டம் வாங்கிய கன்னம்!

எட்டாம் நாள் மறுபடி நின்றது. இந்த முறை சித்தர் கண்ணை மூடி அருள்வாக்கே சொல்லிவிட்டார்.

"தோஷம் மிஷின்ல இல்ல. இந்தப் பொண்ணு நட்சத்திரத்துல இருக்கு. இவ இங்கன இருக்குத வரைக்கும் மிஷின் மூச்சு விடாது."

"எம் மச்சினன் டைப் படிச்சிட்டு சும்மாதான் இருக்கான் சார்" என்றான் சிவசைலம், கேட்காமலே.

வள்ளித்தாய்க்கு வேலை போனால் வீடே போச்சு. அப்பன் படுக்கையில், அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆனால் முந்தின வாரம் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். கம்ப்யூட்டரோடு வந்த தடித்த புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அலமாரியில் வைத்திருந்தார்கள். அதை எடுத்து, பொட்டைத் துடைத்துவிட்டு, படித்திருந்தாள்.

"ஒரு சோதனை சார். ரெண்டாவது மேஜை பரீது பாய் என் மேஜையில உக்காந்து அவரு பேரைப் போடட்டும். நான் அவரு மேஜையில எம் பேரைப் போடுதேன்."

பரீது தட்டினான். தாள் வந்தது. வள்ளித்தாய் தட்டினாள். 'அனுமதி இல்லை.'

சித்தர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தேளா? போன எடத்துக்கும் தோஷம் கூடவே போவுது!"

வள்ளித்தாய் விடவில்லை. எழுந்து நாற்காலியை மானேஜர் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப நீங்க உக்காருங்க சார். எம் பேரு, எம் பாஸ்வேர்டு. நீங்களே தட்டுங்க."

மானேஜர் தட்டினார். 'அனுமதி இல்லை.'

"உங்க நட்சத்திரமும் கெட்டுப்போச்சா சார்?"

மானேஜர் முகம் சிவந்தது. பிறகு அவள் பரீதிடம் கேட்டு, அவன் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டுத் தட்டினாள். கிர்ரென்று தாள் வந்து விழுந்தது.

"ஆளுக்கும் தோஷம் இல்ல, மேஜைக்கும் இல்ல. எம் பேருக்குத்தான் அனுமதி இல்ல. யாரு யாரு பிரிண்டரைத் தொடலாம்னு பெரிய கம்ப்யூட்டர்ல ஒரு பட்டியல் இருக்கு. பொஸ்தகத்துல நூத்திப்பதினாலாம் பக்கம் போட்டிருக்கான். அதைத் தெறக்கச் சொல்லுங்க சார்."

சிவசைலம் வேர்த்துக்கொண்டே திறந்தான். பரீது இருந்தான், மானேஜர் இருந்தார், எப்போதோ வேலையை விட்டுப்போனவன்கூட இருந்தான். வள்ளித்தாய் இல்லை. மானேஜர் தன் கையாலேயே அவள் பெயரைச் சேர்த்தார். எலுமிச்சம்பழம் இல்லாமலே தாள் வந்தது.

"எலே, இந்தப் பட்டியலைத் தொடுதது நீ ஒருத்தன்தானே?" என்றார் மானேஜர்.

சிவசைலம் வாயைத் திறப்பதற்குள் சித்தர் திறந்தார்.

"என்னைய இதுல இழுக்காதீங்க சார்! பேரை எடுக்குததும் சேக்குததும் அவன்தான். பழம் வைக்கிறதுக்கு மட்டுந்தான் என்னையக் கூப்பிட்டான்!"

சிவசைலத்தின் சாவிக்கொத்து அன்றைக்கே வள்ளித்தாய் கைக்கு வந்தது. சித்தரை வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டான். விட்டவன் சும்மா வந்தானா? "சாமி, எம் பொண்டாட்டிக்கு ஒரு வாரமா காய்ச்சல் விடல. ஒரு கயிறு மந்திரிச்சுத் தாங்க" என்று கையை நீட்டினான்.

கம்ப்யூட்டரைத் தொடத்தான் அனுமதி வேண்டும். மூளையைத் தொட யாரிடம் ஐயா அனுமதிக்குக் காத்திருக்கிறீர்கள்?