ஆங்கில வரியில் இடமில்லாத யானை

மாங்குளம்,
தை மாதம், 1958.

பேரன்புமிக்க கிறிஸ்தோப்பர் மாஸ்ரர் அவர்கட்கு,

உங்கள் மூச்சிழுப்பும் என் மூட்டுவலியும் இந்தப் பனிக்காலத்தில் அடங்கியிருக்க, உங்கள் மாதாவையும் எங்கள் பிள்ளையாரையும் ஒருசேர வேண்டிக்கொண்டு எழுதுவது.

பழம்பாட்டுகளுக்கு நான் பொருள் சொல்ல, நீங்கள் ஆங்கிலச் செய்யுளாக்குவது என்று தொடங்கிய வேலையில் ஏழாம் பாட்டு வந்து சேர்ந்தது. இரவில் காட்டுவழியே காதலியைப் பார்க்க வருகிறவனிடம், யானை திரிகிற வழி, வராதே என்று தோழி சொல்கிற பாட்டு. உங்கள் ஆங்கிலத்தில் காடு இருக்கிறது, இருட்டு இருக்கிறது, யானையைக் காணவில்லை. கேட்டால், அசைகள் மெல்ல ஒன்று, அழுத்தி ஒன்று என்று ஐந்து சோடிதான் ஒரு வரிக்கு அளவு, யானை ஏறினால் வரி உடையும் என்று எழுதுகிறீர்கள். யானை இல்லாவிட்டால் அவன் தாராளமாக வந்து போகலாமே, தோழிக்கு அங்கே என்ன வேலை?

சரி, அளவைத் தட்டித்தான் பார்ப்போமே என்று, பின்னேரம் வயல் காவல் கொட்டிலில் இருந்துகொண்டு, கையில் அகப்பட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தில் மெல்ல ஒன்று, அழுத்தி ஒன்று என்று தட்டினேன். மெல்லத் தட்டியது ஒருவருக்கும் கேட்கவில்லை. அழுத்தித் தட்டியது வாய்க்காலுக்கு அப்பாலும் கேட்டிருக்கிறது. எங்கள் குடியேற்றத்தில் தகரம் அடித்தால் வயலில் யானை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததல்ல, செய்யுள் நினைவில் மறந்துபோனேன். பக்கத்து வயல் வீரகத்தியை முன்விட்டு முழுச்சனமும் வெடியும் தடியுமாக ஓடிவந்து, கதிர் வந்த என் நெல்லில் ஏறி நின்று, "யானை எங்கை?" என்றது. நான் உள்ளதைச் சொன்னேன்: "யானை இல்லை. மாஸ்ரர் எடுத்துப்போட்டார்." வீரகத்தி காலடியில் மிதிபட்ட நெல்லைப் பார்த்துவிட்டு, "பண்டிதர் ஐயா, யானை மிதிச்சிருந்தாலும் இவ்வளவு அழிவு வந்திராது. வீட்டை போய்ப் படுங்கோ" என்றார். இனி நான் தகரம் அடித்தால் ஒருவரும் வாறதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானமும் போட்டாச்சு. என் மனைவி பத்மாசனி என்னோடு கதைக்கிறதில்லை; சோத்தை வைச்சிட்டுப் போறா.

மாஸ்ரர், மனம் நொந்துபோனேன். நெல்லுக்காக அல்ல. ஒரு தமிழ்ப் பெண்ணை, காரணமில்லாமல் பதறுகிறவளாக வெள்ளைக்காரருக்கு முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. யானையைத் திரும்ப உள்ளே விடும்வரை இந்தக் கூட்டுவேலையில் நான் இல்லை. இது முடிவு.

றோசம்மா அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடியின்றிப் படித்து முன்னுக்கு வரட்டும்.

இங்ஙனம்,
சி. ஏரம்பு

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் யானை வந்துவிட்டது, உண்மை யானை. தகரத்தை எடுத்து அடித்தேன். தீர்மானப்படி ஒருவரும் வரவில்லை. "ஐயா பாட்டுத் தட்டுறார்" என்று வீரகத்தி யாருக்கோ சொன்னது கேட்டது. பயத்தில் கை பழகின பழக்கத்துக்கு உங்கள் அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. ஐந்து சோடியும் முடியும்வரை யானை நின்று கேட்டது. பிறகு திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. பத்மாசனி இப்ப கதைக்கிறா. "மாஸ்ரர் சொன்னது சரிதானே, உந்த அளவுக்குள்ளை யானை நிக்காது" என்கிறா. ஆகையால் ஏழாம் பாட்டு இருந்தபடியே இருக்கட்டும். வேறு தாள் இல்லை, மேலே உள்ளதை வாசியாமல் விடுங்கோ. எட்டாம் பாட்டில் புலி வருகிறது; தயவுசெய்து அதையும் எடுத்துவிடுங்கோ.