கல்மரம் காத்த கதை

மரங்களைக் காப்பதில் எங்கள் வட்டார மன்றத்துக்கு இணையானது ஜமைக்காவில் மட்டுமல்ல, சூரியனுக்குக் கீழே எங்குமே கிடையாது.

மிஸ் ஐயோனியின் கொல்லையில், பாறை இடுக்கில் நின்றது ஒரு கல்மரம். எங்கள் தீவைத் தவிர வேறெங்கும் முளைக்காத இனம். முப்பது வயதாகியும் இடுப்பு உயரம்தான். லத்தீன் பெயர்தான் நீளம். ஐயோனிக்கு அதன்மேல் உயிர். ஒன்பது வருஷம் ஆடுகளிடமிருந்து அதைக் காப்பாற்றியவள், போதாதென்று மன்றத்துக்கும் பதினோரு கடிதம் போட்டாள். பதினோராவது கடிதத்தை யாரோ படித்துவிட்டார்கள்.

உடனே துணைக்குழு கூடியது. அமைச்சரே நேரில் வந்து மரத்தைப் 'பாதுகாக்கப்பட்டது' என்று அறிவிப்பார் எனத் தீர்மானமாயிற்று. பெரிய மனிதர் வருகிறார் என்றால் புதரை வெட்டி, மிச்சம் நிற்பதற்கெல்லாம் வெள்ளையடிப்பது எங்கள் ஊர் மரியாதை. விழாவுக்கு முந்தின நாள் மன்றத்து வேலையாள் லின்வல் தலைமையில் ஆறு பேர் அரிவாளும் சுண்ணாம்பு வாளியுமாக வந்து இறங்கினார்கள்.

விருந்தினருக்குச் சர்க்கரைவள்ளிப் புட்டிங் செய்யத் தேங்காய் வாங்கப் போயிருந்தாள் ஐயோனி. திரும்பி வந்தபோது கொல்லை துடைத்து விட்டாற்போல் இருந்தது.

"லின்வல், மரம் எங்கடா?"

"எந்த மரம், மிஸ் ஐயோனி? எல்லாம் புதருதான். வெட்டினதுல ஒரு அடிக்கட்டை மட்டும் பேர்க்க வராம அடம் பிடிச்சுது. அதுக்கும் வெள்ளையடிச்சுட்டேன். ரெண்டு பூச்சு."

"அதுதாண்டா மரம்."

லின்வல் தொப்பியைக் கழற்றினான். "அமைச்சர் வந்து பாக்குற மரம், பெருசா இருக்கும்னு நெனச்சேன். இத்தனூண்டுக்கா மேடை போட்டாங்க?"

மறுநாள் விழா வழக்கம்போல் இரண்டு மணி நேரம் தாமதமாக, குறித்தபடி தொடங்கியது. மேடையில் இருந்தவர்களைப் பட்டத்தோடு பெயர் சொல்லி வணங்கவே நாற்பது நிமிஷம் ஆயிற்று. பிறகு அமைச்சர் அந்த வெள்ளைக் கட்டைமேல் ஒரு காலைத் தூக்கி வைத்து முழங்கினார்: "இன்றுமுதல் இந்த மரத்தை எவராலும் வெட்ட முடியாது."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஊரே கைதட்டியது. ஐயோனி புட்டிங் பரிமாறினாள்.

மன்றச் செயலாளர் இரண்டாவது துண்டை விழுங்கியபடி அவள் பக்கம் சாய்ந்தார். "இந்த இனத்துல வேற மரம் எங்கயாவது இருக்கா, மிஸ் ஐயோனி? சொல்லுங்க, அதையும் காப்பாத்திரலாம்."

கொல்லைக்கு மேலே, ஆடுகூட ஏறாத பாறைப் பிளவில், சாண் உயரத்தில் ஒரு கல்மரக் கன்று இருந்தது. போன வாரம்தான் நாலாவது இலை விட்டிருந்தது.

"ஒண்ணுகூட இல்லைங்கய்யா," என்றாள் மிஸ் ஐயோனி. "எல்லாத்தையும் நீங்க காப்பாத்திட்டீங்க."