வக்கீலம்மாவுக்கு மட்டும் தெரியாத சேதி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், மாமா நலம், மாமாவின் குறட்டை இருவரையும்விட நலம். நீ நலம் என்று நினைக்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். இதை அப்படி வைக்க முடியாது.

முந்தாநாள், உன் மகள் பாப்பா யாரிடம் வளர்வது என்கிற கேஸுக்காகப் போன வக்கீலம்மா அறையில் நீ விட்ட கதையைக் கேட்டு, இவனைத்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேனா, இல்லை ஆள்மாறிப் போச்சா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சமைப்பது நீயாம், துணி மடிப்பது நீயாம், கோபம் என்றால் என்னவென்றே தெரியாதாம். பிரிட்ஜ் ரிப்பேர்காரன் வந்த மாதிரியா இருந்தது? முற்றும் துறந்த முனிவர் வேனில் வந்து இறங்கிய மாதிரி இருந்தது. அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பாப்பாவுக்குத் தலை பின்றது யாரு?" என்றார். "நான்தாங்க மேடம், தினமும்" என்றாய் கூசாமல். உடனே அவர் டைப் அடிக்கிற பெண்ணைக் கூப்பிட்டு, "எங்க, இவளுக்குப் பின்னிக் காட்டுங்க" என்றதும் உன் முகம் போன போக்கு இருக்கிறதே! அவளுக்கோ இடுப்பு வரை முடி. நீ ஒயர் முறுக்குகிற மாதிரி முறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாய் பார், "அண்ணே, கழுத்து திரும்பலண்ணே!" என்று அவள் கத்த, நான் கைப்பையிலிருந்த தையல் ஊசியை எடுத்து இழை இழையாகப் பிரித்துவிட்டேன். வக்கீலம்மா சிரிக்கவில்லை. "எங்கிட்டயே இப்படிப் பொய் சொன்னா, நான் கண்ணைக் கட்டிக்கிட்டுல்ல வாதாடணும்?" என்றார். அப்போதாவது வேன் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். தண்ணீர் குடித்தாய்.

அதுதானடா முக்கியம். பாப்பா பின்சீட்டில் தூங்குவதை மறந்து ஓட்டல் பிரிட்ஜைப் பார்க்கப் போனாய், அவள் விழித்து அழுதாள், எதிர்க் கடைக்காரர் ஓடிவந்து தூக்கினார். நல்லவேளை, கதவைப் பூட்டவும் மறந்திருந்தாய். ஒரு மறதி இன்னொரு மறதியிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றியது. ஆனால் அன்றிலிருந்து, பாப்பா வண்டியில் ஏறினால் உன் ஒரு செருப்பைக் கழற்றி அவள் பக்கத்தில் வைத்துவிட்டு ஓட்டுகிறாயே, இறங்கும்போது கால் சுட்டு ஞாபகம் வரட்டும் என்று! ஒற்றைச் செருப்பு மெக்கானிக் என்று தெருவே சிரித்தாலும் நீ விட்டதில்லை. எந்த அப்பன் செய்வான்? அதைக் கேட்டால் எந்த ஜட்ஜும் கொஞ்சம் இளகுவார். ஆனால் வேன் கதையை மறைத்துவிட்டு செருப்புக் கதையை எப்படியடா சொல்வாய்? பைத்தியம் என்பார்கள்.

உன் பெண்டாட்டிக்கு வேன் விஷயம் தெரியும். அப்படியென்றால் அவள் வக்கீலுக்கும் தெரியும். எதிர்க் கடைக்காரருக்குத் தெரியும். உனக்காகப் பேச வந்த அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியாது. திங்கட்கிழமை கோர்ட்டில் அவர்கள் அதை எடுத்துப் போட்டால் அவர் முழிப்பார், நீ முழிப்பாய், வாரத்தில் பாதி நாள் பாப்பா உன் வீட்டில் என்கிற பேச்சே அடிபட்டுப் போகும். இதைப் படித்த கையோடு போய்ச் சொல்லிவிடு, என் தங்கமல்லவா.

பாப்பாவுக்கு என் முத்தம். உனக்கு ஒரு குட்டு. நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் டிவி ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டு நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் பெண்டாட்டியே வந்து நிற்கிறாள், பாப்பாவின் பள்ளிச் சட்டையைப் பிரித்துத் தைக்கணுமாம். கேஸ் உங்களுக்குள்தானே, என் தையலுக்கு ஏது கேஸ்? மெதுவாக வாயைக் கிளறினேன். "வேன் விஷயத்தையா? நான் எங்க வக்கீல்கிட்ட சொல்லவே இல்ல அண்ணி. அன்னிக்கு அவரு அழுத அழுகையப் பார்த்தவ நான். அதை வச்சு அவரை அடிக்க மனசு வரல" என்றாள். ஆக, மேலே நான் மிரட்டியதெல்லாம் வீண். நீ வாயைத் திறக்காவிட்டால் கோர்ட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துவிட்டு அனுப்பலாம் என்று கத்திரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் உண்மையைச் சொல்லு, உண்மையைச் சொல்லு என்று உன்னிடம் இவ்வளவு தூரம் கத்திவிட்டு, எந்த முகத்தோடு வெட்டுவது?