கோமதிக்கு ஒரு மண் கதவு

ஒரு காட்டில், அடைத்த கதவு ஒன்றுக்காக ஏங்கிக்கொண்டிருந்த இருவாச்சிப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் கோமதி. இருவாச்சி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கை வைத்துக்கொண்டு பறக்கிற பெரிய பறவை. அந்த இனத்தில் காலங்காலமாக ஒரு வழக்கம். கல்யாணம் ஆனதும் பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்வாள். ஒரு கீறல் மட்டும் திறந்திருக்கும். வெளியே நிற்கும் கணவன் அதன் வழியாகப் பழம் கொடுப்பான். மற்ற பெண்கள் இதைச் சிறை என்றார்கள். கோமதிக்கோ நினைத்தாலே எச்சில் ஊறியது.

காரணம் இருக்கிறது. அவள் பிறந்த ஆலமரத்தில் நாற்பத்தோரு சொந்தக்காரர்கள். படிக்கும்போது "மார்க் எவ்வளவு" என்றார்கள். படித்து முடித்ததும் "வேலை எப்போ" என்றார்கள். வேலை கிடைத்த மறுநாள், அவள் கண் விழிப்பதற்குள் பிச்சம்மாள் அத்தை பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி கோமதி, கல்யாணம் எப்போ?"

"இப்பதானே வேலை கெடச்சிருக்கு, அத்தை."

"கெடச்சிட்டுல்லா? அப்புறம் என்ன?"

போதாக்குறைக்கு செல்போனில் 'ஆலமரத்துச் சொந்தங்கள்' என்று ஒரு குழு. தினமும் காலை வணக்கத்துக்கு ஒரு ரோஜாப்பூ வரும். அதற்குக் கீழே கோமதியின் வயது வரும்.

தனியாக ஒரு பொந்து எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று பொந்து ஒதுக்கீட்டு அலுவலகத்தில் போய் நின்றாள். வரிசையில் முன்னால் நின்றது முள்ளம்பன்றி என்பதால் யாரும் முண்டியடிக்கவில்லை. அன்றைக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான். ஜன்னலுக்குள் இருந்த தேவாங்கு அவள் படிவத்தை முக்கால் மணி நேரம் பார்த்தது. கண் பெரிசு, அவசரம் கிடையாது.

"கணவர் பெயர்னு ஒரு கட்டம் இருக்கே, காலியா விட்டிருக்கீங்க?"

"இன்னும் கல்யாணம் ஆகலை, சார்."

"ஆகிட்டு வாங்கம்மா. பொந்து குடும்பத்துக்கு மட்டும்தான்."

அவளுக்குப் பின்னால் பக்கத்து மலையைச் சேர்ந்த ஆவுடையப்பன் என்ற இருவாச்சி நின்றிருந்தான். அவன் கையில் இருந்த படிவத்தில் மனைவி பெயர் என்ற கட்டம் காலி. கோமதி அதைப் பார்த்தாள். அவன் அவளுடையதைப் பார்த்தான்.

"பேனா இருக்கா?" என்றாள் கோமதி.

அப்படித்தான் சம்பந்தம் முடிந்தது. எழுதுவதற்கு முன் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பழம் கொண்டுவந்து கொடுத்தா போதும். பேசணும்னா பேசுங்க, கேள்வி மட்டும் கேட்காதீங்க."

கல்யாணம் நடந்தது. நாற்பத்தோரு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டு, சாம்பாரில் உப்பு கம்மி என்றார்கள். கோமதி பொந்துக்குள் போய், ஒரு நிமிஷம்கூட வீணாக்காமல் வாசலைப் பூசினாள். உள்ளே இருட்டு. ஈர மண் வாசனை. யாரும் எதுவும் கேட்கவில்லை. முதன்முறையாகக் காலை நீட்டிப் படுத்தாள். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

வெளியே மாட்டிக்கொண்டவன் ஆவுடையப்பன். அத்திமரத்துக்குப் போனால் அங்கே ஒரு சித்தப்பா, "மாப்பிள்ளை, ஏதும் விசேஷம் உண்டா?" நாவல்மரத்துக்குப் போனால் அங்கே பிச்சம்மாள் அத்தை, அதே கேள்வி. கல்யாணம் ஆகி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஏழாம் நாள் கையில் ஒரு பழம்கூட இல்லாமல் வந்து கீறலில் மூக்கை நுழைத்தான்.

"கோமதி, கொஞ்சம் தள்ளிப் படுக்க முடியுமா?"

அவளுக்குப் பாவமாக இருந்தது. மண்ணை உடைத்து அவனையும் உள்ளே இழுத்து, மறுபடி பூசிவிட்டாள். இருவாச்சி இனத்தில் அதுவரை எந்த மக்கும் செய்யாத காரியம் அது. சோறு போட வேண்டியவன் உள்ளே வந்து அடைந்துகொண்டான்.

ரெண்டு நாள் பட்டினி. மூன்றாம் நாள் கதவை உடைத்துக்கொண்டு ஆலமரத்துக்கே திரும்புவதா, இங்கேயே கிடந்து சாவதா என்று இருவரும் யோசித்தார்கள். சாவதே மேல் என்று ஆவுடையப்பன் சொல்லி முடிக்கவில்லை, வெளியே அத்தையின் குரல்.

"ரெண்டு பேருமே உள்ள போயிட்டீகளாமே. என்னட்டி, விசேஷமா?"

கீறல் வழியாக ஏழெட்டு அத்திப்பழம் உருண்டு வந்தது. பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்த பெண்ணை வெறுங்கையோடு பார்க்கப் போனால் அந்தக் குடும்பத்துக்கே மானக்கேடு. கோமதி பழத்தை வாயில் அடைத்துக்கொண்டே, "பார்க்கலாம் அத்தை" என்றாள்.

மத்தியானத்துக்குள் குழுவில் செய்தி பரவிவிட்டது. சாயங்காலம் பொந்துக்கு வெளியே நீள வரிசை. ஆளுக்கு ஒரு பழம், ஆளுக்கு ஒரு கேள்வி. ஒரு மலையணில் தானாகவே முன்வந்து டோக்கன் கொடுத்தது. "பார்க்கலாம் சித்தப்பா", "பார்க்கலாம் மைனி" என்று சொல்லிச் சொல்லியே இருவரும் ஒரு சுற்றுப் பெருத்தார்கள்.

வரிசை தொடங்கிய பத்தாம் நாள் ஆவுடையப்பனுக்கு மனசாட்சி உறுத்தியது. வயிறு நிறைந்தவனுக்குத்தான் அது உறுத்தும்.

"அத்தை, மறைக்கக் கூடாது. முட்டை ஒண்ணும் இல்லை. இப்போதைக்கு வேண்டாம்னு இருக்கோம்."

மறுநாள் ஒரு பழம்கூட இல்லை. நாற்பத்தோரு அறிவுரை வந்தது. ஒருவர் வேர் ஒன்றை அரைத்துக் குடிக்கச் சொன்னார். ஒருவர் மந்தி டாக்டர் ஒருத்தியின் நம்பர் கொடுத்தார். அறிவுரை சொல்ல யாரும் எதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லையே.

"உண்மை பேசறதுக்கு முன்னாடி வயித்தை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?" என்று கோமதி அவனைக் கடிந்துகொண்டாள். பிறகு கீறலில் வாயை வைத்துக் குழைந்தாள். "அத்தை, அவர் கூச்சத்துல ஏதோ சொல்லிட்டார். எதையும் உறுதியா சொல்றதுக்கில்லை."

அடுத்த நாள் பலாச்சுளை வந்தது.

உள்ளே ரெண்டு பேரும் பேசினார்கள், சிரித்தார்கள், இட நெருக்கடியில் ஒருவர் மூக்கை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். நிபந்தனையை மீறி ஆவுடையப்பன் ஒரே ஒருமுறைதான் கேள்வி கேட்டான். "என்னைப் பிடிச்சிருக்கா?" அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் இழுத்தடிக்காமல் பதில் சொன்னாள். அதன் பிறகு நடக்க வேண்டியது நடந்து, முட்டை வந்து, ஒருநாள் காலையில் அதிலிருந்து ஒரு குஞ்சும் வந்தது. வந்ததும் வராததுமாகக் "கீச்" என்றது.

"அது என்னட்டி சத்தம்?" என்றாள் வெளியே நின்ற அத்தை, ஆவலாக.

கோமதி குஞ்சைப் பார்த்தாள். இனி சாப்பிட மூன்று வாய். புருஷனை ஒரு இடி இடித்தாள். அவன் புரிந்துகொண்டு இருமினான்.

"அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு, அத்தை."

மறுநாள் பழத்தோடு ஒரு தேனடையும் வந்தது.

நீதி: நல்ல செய்தியைச் சொன்னால் ஒரு நாள் வாழ்த்து கிடைக்கும், "பார்க்கலாம்" என்று இழுத்தால் வருஷம் முழுக்கப் பழம் கிடைக்கும்.