லிஃப்ட் அண்ணாச்சி வரைந்த கோடு

நேர்கோடு என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே சொந்த அவமானமாக எடுத்துக்கொண்ட மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் தாராவியில், எங்கள் சந்தில், ஒரு தையல் கார்கானாவுக்கு மேல் அறையில் குடியிருந்தார். செம்பூர், மாட்டுங்கா கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் வேலை. அது போக மிச்ச நேரமெல்லாம் லேப்டாப்பில் எலெக்ட்ரானிக் இசை. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் லிஃப்ட் அண்ணாச்சி.

நான் அவரிடம் போய் விழுந்ததற்குக் காரணம் தோல்வி. எங்கள் கல்லூரி நடனக் குழுவில் ஐந்து பெண்கள் ஆடுவார்கள். எனக்கு ஆட வராது, அதனால் மியூசிக் பொறுப்பு. முலுண்டில் வருடா வருடம் நடக்கும் போட்டியில் இரண்டு முறை தோற்றோம். இரண்டு முறையும் நடுவர்கள் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: ஆட்டம் பிரமாதம், மியூசிக் தட்டை. அடுத்தது எங்களுக்குக் கடைசி வருடம். "இந்தத் தடவையும் தட்டைன்னு சொன்னானுங்க, உன்னைய சப்பாத்தி மாதிரி தேச்சிருவோம்" என்று ஐந்து பேரும் சத்தியம் செய்திருந்தார்கள்.

இரும்பு ஏணியில் ஏறிப் போய், நான் போட்ட மியூசிக்கை அண்ணாச்சிக்குக் கேட்கக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"ஏட்டி, இது ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. லிஃப்டுக்குள்ள போய் நின்னுக்கிட்டு பட்டனே அமுக்காம இருக்கியே!"

அன்றைக்குத்தான் ஆட்டோமேஷன் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. மென்பொருளில் ஒவ்வொரு ஒலிக்கும் கீழே ஒரு கோடு இருக்கும். கோட்டை ஏற்றினால் ஒலி திறந்துகொண்டு பளிச்சென்று ஆகும். இறக்கினால் போர்வைக்குள் போய் முனகும். ஊரே இரண்டு புள்ளி வைத்து நடுவில் நேர்கோடு இழுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடும். அண்ணாச்சி மட்டும் மவுஸைப் பிடித்துக் கையாலேயே வரைவார். அதுவும் கீழே தையல் மெஷின்கள் ஓடும்போதுதான். பத்து மெஷினும் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். மேஜை நடுங்கினால் கோடும் நடுங்கும்.

"அந்த நடுக்கந்தாம்ட்டி உசிரு. ஏக்தம் நேராப் போட்டா அது செத்த கோடு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை கார்கானா பந்த். அன்றைக்கு அவர் ஒரு கோடும் போடமாட்டார். ஒரு ஞாயிறு மட்டும் பொறுக்கமுடியாமல் கார்கானாக்காரர் வீட்டுக்கே போய், "பாய், பஸ் தோ மெஷின் சலா தோ, கப்டா நஹி சாஹியே" என்று கெஞ்சி, துணியே இல்லாமல் இரண்டு மெஷின்களை அரைமணி நேரம் ஓட்டவைத்த கதை எங்கள் சந்தில் பிரசித்தம்.

கோடு போடாமலே ஒலியைத் தானாக அலைபோல ஆட்டும் வசதியும் மென்பொருளில் உண்டு. மாடுலேஷன். அதையும் அவர் சும்மா விடவில்லை. ஒரு அலை ஒலியை ஆட்டும். இன்னொரு மெதுவான அலை, அந்த அலையின் வேகத்தையே ஆட்டும். எனக்கு விளக்குவதற்காக டேபிள் ஃபேனுக்கு முன்னால் வாயை வைத்து "ஆஆஆ" என்றார். குரல் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு வந்தது. அவர் மனைவி செல்வி மதினியை, ஃபேன் வேகத்தை ஏற்றி ஏற்றி இறக்கச் சொன்னார்.

பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்த மதினி கேட்டார்: "கல்யாணம் ஆயி பதினோரு வருசத்துல, என் பக்கமா ஒரு நாளாவது இந்த ஃபேனைத் திருப்பியிருக்கியளா?"

"கொஞ்சம் மெதுவா ஏத்து செல்வி. குலுங்கக் கூடாது."

குலுங்கக் கூடாது. அவருடைய வேதமே அதுதான். லிஃப்ட் கிளம்பியதும் தெரியக் கூடாது, நின்றதும் தெரியக் கூடாது, பாட்டும் அப்படித்தான். எங்கள் நான்கு நிமிட மியூசிக்குக்கு இப்படிக் கோடெல்லாம் போட்டு முடித்ததும் செம்பூரில் ஒரு பதினாலு மாடி லிஃப்டுக்குள் என்னை அழைத்துப்போய், மொபைலில் அதை ஓடவிட்டு மேலும் கீழும் போய்ப் பரிசோதித்தார். நடுவில் காய்கறிப் பையோடு ஏறிய ஒரு பாலக்காட்டு மாமா மாட்டிக்கொண்டார்.

"ஏண்டாப்பா, நேக்கு எட்டாவது மாடிடா! ரெண்டு தடவை மேல போயிட்டு வந்தாச்சு!"

"ஒரே நிமிசம் சார், மெயின்டனன்ஸ்."

கடைசியில் கதவு திறந்தபோது மாமா திகைத்தார். "எப்போடா நின்னுது? தெரியவே இல்லையே!"

அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் பத்மஸ்ரீ வாங்கிய களை இருந்தது.

போட்டி நாள். மேடைக்குப் பக்கத்தில் நானும் அண்ணாச்சியும்; முன்னால் லேப்டாப், அதோடு எட்டுக் குமிழ்கள் உள்ள ஒரு சின்னப் பெட்டி. எட்டு ஒலிக்கும் எட்டுக் குமிழ். இதில் ஒரு ஆபத்து உண்டு. குமிழைக் கையால் திருப்பினால், 'சரி, ஐயாவே பார்த்துக்கொள்ளட்டும்' என்று மென்பொருள் தன் கோட்டைக் கைவிட்டுவிடும். இது அண்ணாச்சிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால், எந்த மெஷினையும் துடைக்காமல் ஸ்விட்ச் போடுகிற பழக்கம் எந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கும் இல்லையே. முதல்முறையாக நாலு பேர் முன்னால் தன் இசை; எதிரே அறுநூறு தலை. கை தானாகப் பேன்ட் பையிலிருந்து பனியன் வேஸ்ட் துணியை எடுத்தது. எட்டுக் குமிழையும் ஒவ்வொன்றாக, அன்பாக, திருகித் திருகித் துடைத்தது.

மியூசிக் ஆரம்பித்தது. தட்டை! மூன்றாம் வருடத் தட்டை! மேடையிலிருந்து ஐந்து ஜோடிக் கண்கள் என்னைச் சப்பாத்திப் பலகையில் வைத்தன.

"அண்ணாச்சி! கோட்டைத் திருப்பிக் கொண்டாற பட்டன் இருக்குல்ல, அமுக்குங்க!"

"இப்ப அமுக்குனா எட்டும் டப்புனு தாவும். குலுங்கும்ட்டி. ஆடுத பிள்ளைய தடுமாறிரும்."

"அப்ப?"

"நீ ரெக்கார்டை அமுக்கு. குமிழைத் திருப்புதது அப்படியே கோடா விழும், என்ன பண்ணுனேன்னு பொறவு பாக்கணும்லா. நான் கையாலயே ஏத்துதேன்."

ஏற்றினார். நாலு நிமிடம், எட்டுக் குமிழ், இரண்டே கை. ஒரு குமிழை மோவாயால் திருப்பினார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பார்த்துக்கொண்டிருந்த நானே நம்பவில்லை. ஒவ்வொரு வளைவும் அவர் கையால் போட்டது, கைக்கு மனப்பாடம். ஒலி திறந்தது, முனகியது, மறுபடி ஏறியது. ஐந்து பெண்களும் தரையை மறந்து ஆடினார்கள். முடிந்தபோது எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அறுநூறு பேரும் ஒரு நொடி தாமதமாகத்தான் கை தட்டினார்கள்.

முதல் பரிசு எங்களுக்கு. கோப்பையோடு தேடினால் அண்ணாச்சியைக் காணோம். அரங்கத்து லிஃப்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னமா குலுங்குதுட்டி இது! எப்படித்தான் ஏறுதாவளோ!"

"அண்ணாச்சி, நாம ஜெயிச்சிட்டோம்!"

கோப்பையை வாங்கி முதலில் துணியால் துடைத்தார். நான் கேட்டேன்: "அங்க கீழ தையல் மெஷின் இல்ல. மேஜை ஆடவே இல்ல. அப்புறம் எப்படி அந்த நடுக்கம் வந்துச்சு?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "மேஜை ஆடலதான். கை ஆடிச்சுல்லா."

இப்போது அவர் தாணேயில், பெரிய கட்டடத்தில் வேலை, புதுக் குடியிருப்பு. அங்கே கார்கானா இல்லை. லேப்டாப்பை வாஷிங் மெஷின் மேல் வைத்து, மதினி துணி போடும்போது மட்டும் கோடு வரைகிறாராம்.

போகும்போது தன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு ரெக்கார்ட் ஆன அந்த நாலு நிமிடம் அதில் இருக்கிறது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எட்டுக் கோடும் நடுங்கும். ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் நேராக்கித் தருகிறோம் என்று நண்பர்கள் வருகிறார்கள். நேராக்குவது இருக்கட்டும், அந்த லேப்டாப்பைத் துடைக்கக்கூட நான் யாரையும் விடுவதில்லை.